சோளச் சாலட்டுக்கு நின்ற ரயில்

"எஞ் சோளச் சாலட்டுக்காக நானுஓயாவுல ரயிலே நின்னுச்சி" என்றாள் றொசானா.

நுவரெலியா ஏரிக்கரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த இருபத்தேழு பேர் கூட்டம் சிரித்தது. ஏரியில் மிதந்த படகுகள்கூட ஒரு பக்கம் சாய்ந்து சிரித்ததாகக் கேள்வி.

பெற்றீசியா மட்டும் சிரிக்கவில்லை.

உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள் குடும்பம் மொத்தமும் இந்தப் புல்லில் கூடும். வீட்டுக்கு ஒரு சட்டி. இருபத்திரண்டு வருடமாக முதலில் காலியாவது பெற்றீசியாவின் உருளைக்கிழங்கு சாலட்தான். அது காலியாகிற நேரத்தைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தி வைக்கலாம். மூத்த மருமகள் என்று அவளுக்குக் கிடைத்த மரியாதையில் பாதி வயதால் வந்தது. மீதி அந்தச் சட்டியால் வந்தது.

இந்த வருடம் அதன்மேல் தூவிய மிளகுத்தூள்கூடக் கலையவில்லை.

எல்லாக் கரண்டியும் இளைய மருமகள் றொசானாவின் அலுமினியச் சட்டிக்குள். மெக்சிக்கோவில் தெருவோரம் சோளம் சுட்டு விற்கிற மாதிரியாம். போனில் பார்த்தாளாம். சுட்ட சோளத்தை உதிர்த்து, அவித்த பாஸ்தாவில் போட்டு, மயோனீஸும் சீஸும் மிளகாய்த்தூளும் பிரட்டி, கொத்தமல்லி கிள்ளிப் போட்டு, மேலே பிழிந்த தேசிக்காய்ப் புளி.

சோளம் தின்ன மெக்சிக்கோவுக்கா போக வேண்டும், இங்கே வளைவுக்கு வளைவு அவித்து விற்கிறார்களே என்று பெற்றீசியா இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். முதல் தடவை யாரும் கவனிக்கவில்லை. இரண்டாம் தடவை பதில் சொல்ல ஒருவர் வாயிலும் இடமில்லை.

அவள் எண்ணத் தொடங்கினாள்.

சீனி வருத்தம் என்று பத்து வருடமாகக் கேக்கைத் திரும்பியும் பார்க்காத செல்லசாமிச் சித்தப்பா, நாலு கரண்டி. மேல்வரிசைப் பல்லை வீட்டில் மறந்துவிட்டு வந்த மீனம்மா அத்தை, மூன்று.

பெற்றீசியாவின் சொந்தப் புருசன் அமிர்தநாதன், முப்பத்தைந்து வருடம் தோட்டத்து ஆபீசில் உட்கார்ந்து சிரிப்பைக்கூட அளந்து செலவழித்த மனிதர், ஆறு. ஆறாவதை எடுக்கும்போது மனைவியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே எடுத்தார்.

பெற்றீசியாவின் வயிறு எரிந்த எரிச்சலில் ஒரு கேத்தலை வைத்திருந்தால் இருபத்தேழு பேருக்கும் தேத்தண்ணி ஊற்றியிருக்கலாம்.

ரயில் கதையை முழுசாகச் சொல்லு என்று எல்லாரும் றொசானாவைப் பிடித்துக்கொண்டார்கள்.

போன மாதம் நானுஓயா ஸ்டேஷனில் ஜன்னல் வழியாக ஒரு பிரயாணிக்கு ஒரு கரண்டி நீட்டினாளாம். அந்த ஆள் ஒரு வாய் வைத்ததும், ஆசனத்தில் முள் இருந்த மாதிரி எழுந்து, இறங்கி வந்துவிட்டாராம். சோளத்தை எந்த நெருப்பில் சுட்டாய் என்று சொன்னால்தான் ஏறுவேன் என்று ஒரே பிடி. ஒரு கால் மிதிபலகையில், ஒரு கால் பிளாட்பாரத்தில். கார்ட் விசில் ஊதி ஊதிக் கன்னம் வீங்கிப்போய்ச் சிங்களத்தில் கத்துகிறார். கவ்வாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சி, மிலாறுதான், லயத்து வீட்டு அடுப்பில் வேறு என்ன எரிப்போம் என்று றொசானா சொன்ன பிறகுதான் கால் உள்ளே போனதாம்.

ஏழு நிமிடம்.

யார் அந்தப் பிரயாணி என்று கேட்டார்கள். முகம் ஞாபகமில்லை என்று றொசானா சட்டியைக் கிளறினாள்.

இன்னொரு கரண்டி வாய்க்குள் போகப் போக, சிரித்தவர்கள் ஒவ்வொருவராக நம்பத் தொடங்கினார்கள். அந்தப் புகைவாசத்துக்கு ரயில் என்ன, கப்பலே நிற்கும் என்றார் சித்தப்பா. கடைசியில் நம்பாமல் மிச்சமிருந்தது பெற்றீசியா ஒருத்திதான்.

எந்த ரயில், எத்தனை மணி, கார்ட் பெயர் என்ன என்று அவள் பொலிஸ்காரர் மாதிரி விசாரித்தாள். அரசாங்கத்து ரயில் சோளத்துக்கு நிற்குமா என்று சுற்றிலும் பார்த்துக் கேட்டாள். பிறகு, எல்லார் முன்னாலும், பொய் என்று சொன்னாள். சாலட் நல்லாயிருந்தால் சாலட்டோடு நிற்கட்டும், பேர் வாங்குவதற்காகப் புளுகத் தேவையில்லை என்றாள்.

கரண்டிகள் நின்றன. றொசானாவின் புருசன் ஜெயகாந்தன் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஏரியைப் பார்த்தார்.

றொசானா பெற்றீசியாவை ஒரு நொடி பார்த்தாள். உதட்டோரம் என்னவோ வந்து, திரும்பிப் போனது.

"அக்கா சொன்னாச் சரிதான். ரயிலு நிக்கல, நாந்தான் சும்மா அளந்தேன்."

சொல்லிவிட்டு எட்டி, யாரும் தொடாத உருளைக்கிழங்கு சாலட்டில் ஒரு கரண்டி அள்ளித் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.

பெற்றீசியாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

சமையலில் தோற்றால் குளிர்மேல் பழி போடலாம், சனங்களின் நாக்குமேல் போடலாம், அந்த மெக்சிக்கோமேல்கூடப் போடலாம். பெருந்தன்மையிலும் இவளா முதல்? மூத்தவள் நான் இருக்கும்போது?

அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். தொண்டையைச் செருமினாள். இருபத்தாறு முகங்களில் ஒன்றையும் பார்க்காமல் ஏரியைப் பார்த்துச் சொன்னாள்.

"நின்னுச்சி. ஆனா ஏழு நிமிசமெல்லாம் இல்ல, மூணுதான். நான் திரும்பி ஏறுனதும் போயிருச்சி."