வளையலுக்கு முன்னாடி ஒரு ஊசி

"வளைகாப்ப ரெண்டு வாரம் தள்ளி வச்சுக்கலாங்க"ன்னு இருசம்மாள் சொன்னதும், சம்பந்தி சின்னையன் காப்பி டம்ளரக் கீழ வச்சிட்டாரு. பாதி காப்பி அப்படியே இருந்துச்சு. சம்பந்தி காப்பிய மிச்சம் வச்சா, அந்த வீட்ல போர் மூளப் போகுதுன்னு அர்த்தம்.

மனுசன் பச்சைமலையிலேருந்து ரெண்டு பஸ் மாறி திருவானைக்காவல் வந்திருந்தாரு. மக பிரேமலதாவுக்கு ஏழாம் மாசம் பொறந்தாச்சு. வேன் பேசி, வளையல் வாங்கி, ஏழு வகைச் சோத்துக்கு ஆள் வரைக்கும் சொல்லியாச்சு.

"இருபத்தேழு வாரம் முடிஞ்சதும் ஒரு ஊசி போடணும்னு ஸ்ரீரங்கத்து டாக்டரம்மா சொன்னாங்க. போட்டுட்டு அனுப்புறேன்."

"ரெண்டு ஊசி போட்டாச்சுங்களே சம்பந்தியம்மா?"

"அது ரணஜன்னிக்கு. இது கக்குவான் இருமலுக்கு."

வளைகாப்ப முடிச்சு அழைச்சிட்டுப் போயிட்டு, ஊசிக்குத் திரும்பக் கூட்டியாரலாம்தான். ஆனா மலைக்குப் போறவ கொள்ளிடத்தத் தாண்டணும். வளையல் அடுக்கிட்டுத் தாண்டுனவ, திரும்பத் தாண்டுறது கைப்புள்ளையோடதான். அது சின்னையன் வீட்டு வழக்கம். மலையில அந்த ஊசியும் கெடையாது.

இருசம்மாளோட மகன், பிரேமலதா புருசன் பூவரசன் நடுவுல மத்தளம். அம்மாவத் தனியா கூப்புட்டு, "ஒன்றர வருசம் நல்ல மாமியாரா வெளையாடிட்டு, கடைசி ஓவர்ல சொதப்புறியேம்மா"ன்னான். இருசம்மாள் சிரிக்கல. எறங்கியும் வரல.

சின்னையன் செருப்ப மாட்டுனாரு. கெளம்புறேன்னாரு. போயிட்டு வரேன்னு சொல்லல.

அப்புறம் என்ன, ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதுனாங்க. மருமகள அனுப்ப மனசில்ல, ஊசி ஒரு சாக்குன்னு சொந்தக்காரங்க. சம்பந்திய கால் கடுக்க அலைய விட்டுட்டாளேன்னு பக்கத்து வீடு. பிரேமலதா மாமியார்கிட்ட பேச்ச நிறுத்திட்டா. "உப்பு பத்தலன்னு அத்தைகிட்ட சொல்லுங்க", "போட்டுக்கச் சொல்லுடா" — எல்லாம் பூவரசன் வழியாத்தான். ஒரே வீட்டுக்குள்ள கொரியர் நடத்துன மொத ஆளு அவன்தான்.

ரெண்டு வாரம் கழிச்சு மூணு பேரும் ஸ்ரீரங்கம் போனாங்க. டாக்டரம்மா ஊசி போட்டுட்டு பிரேமலதாவுக்கு வெளக்குனாங்க. இப்ப போட்டா ஒங்க ஒடம்புல ஊறுற எதிர்ப்புச் சக்தி தொப்புள்கொடி வழியா புள்ளைக்குப் போவும். புள்ளைக்குன்னு சொந்தமா கக்குவான் ஊசி போடறது பொறந்து ஒன்றர மாசத்துலதான். அது வரைக்கும் நீங்க குடுத்து அனுப்புறதுதான் அதுக்குக் காவல். இந்த நாளத் தவற விடாம கூட்டியாந்தது யாருன்னு கேட்டாங்க.

"எங்க அத்தைங்க"ன்னா பிரேமலதா. ரெண்டு வாரத்துல மொத தடவையா அந்த வார்த்தை கொரியர் இல்லாமப் போச்சு.

நர்ஸ் அவள உள்ள கொஞ்ச நேரம் உக்கார வச்சாங்க. வெளிய பெஞ்சுல இருசம்மாள் முந்தானையால கண்ணத் தொடச்சிக்கிட்டு இருந்துச்சு.

"ஊசி அவளுக்கும்மா. நீ ஏன் அழுவுற?"

இருசம்மாள் கதவு சாத்தியிருக்கான்னு ஒரு தடவ எட்டிப் பாத்துக்கிச்சு.

"ஒனக்கு மேல ஒருத்தன் இருந்தான்டா. முப்பத்தெட்டு நாளு. இருமி இருமி, நீலம் பாரிச்சு, என் மடியிலயே அடங்கிட்டான். கக்குவான்னாங்க. அப்பல்லாம் வயித்துல இருக்கையிலயே காப்பாத்த இப்படி ஒரு ஊசி கெடையாதுடா."

பூவரசன் அம்மாவோட செருப்ப நேரா வைக்கிற மாதிரி குனிஞ்சு, காலத் தொட்டுக்கிட்டான்.

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா மாமா கோவிச்சிக்கிட்டுப் போயிருப்பாராம்மா? ஊரே ஒன்னக் கொடுமக்காரின்னுச்சே."

"சொல்லிட்டுப் போவட்டும்டா. புள்ளத்தாச்சி காதுல விழுற பேச்சா இது?"