பழைய படகுக்குப் புது எஞ்சின்

"ஒரு லட்சத்து எண்பதாயிரம் குரோனர் ஆகும்" என்றான் மெக்கானிக் ரூனே. படகின் உள்படிக்கட்டைக் கழற்றி, அதன் பின்னால் இருந்த எஞ்சினை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்ன தொகை அது.

படகுக்காரர் சிக்வார்ட்டின் கையிலிருந்த காபி தளும்பியது. "படகையே வித்தாலும் அதுல பாதி தேறாதே, தம்பி!"

"எஞ்சின் மட்டும் ஒரு லட்சம். மீதி வேலைக்கு. சமையல் மேடையை அறுத்தாத்தான் பழசை வெளியே எடுக்க முடியும். அப்புறம் கிரேன், புகைக்குழாய், டீசல் டேங்க்..." ரூனே குனிந்து எஞ்சினின் மேல் ஒரு தட்டுத் தட்டினான். "இதுவே நூத்தி முப்பது கிலோ இருக்கும்."

அவன் பக்கத்தில் வந்து குனிந்ததும் சிக்வார்ட்டுக்கு வயிற்றைப் புரட்டியது. நிமிர்ந்து மூச்சை இழுத்துவிட்டார்.

"பாரு குன்வோர், கரையில கட்டிப்போட்ட படகுலயே எனக்குக் குமட்டுது. உலகத்துலயே நான் ஒருத்தன்தான் இப்படி ஒரு கேப்டன்!"

அவர் மனைவி குன்வோர் சிரித்துக்கொண்டே இலவங்கப்பட்டை ரொட்டியை நீட்டினாள். அவள் தீவில் பிறந்தவள். நடக்கப் பழகும் முன்பே படகேறியவள். அவரோ காட்டுக்குள் இருக்கும் ஊர்க்காரர். மீன் வாடையே ஆகாது. வெள்ளிக்கிழமை தோறும் எதிர்த்தீவின் மீன்கடைக்கு அவள் தனியாகத்தான் போய்வருவாள்.

"முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல கடலைப் பத்திப் பாடம் எடுத்தேன்" என்றார் சிக்வார்ட். "வரைபடத்துல அலை அடிக்காது, அதான் பிழைச்சேன்."

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், அவளுக்குப் பிடிக்குமே என்றுதான் இந்தப் பழைய பாய்மரப் படகை வாங்கினார். நான்கு கோடைகளாக எஞ்சின் அவரைப் பாடாய்ப் படுத்துகிறது. காற்று பலமாக அடிக்கிற காலைகளில் கடகடவென்று சுற்றுமே தவிரப் பிடிக்காது. எஞ்சின் இல்லாமல் இந்தக் குறுகிய துறைமுகத்தை விட்டு வெளியே போகவும் முடியாது. இருவரும் உள்ளேயே உட்கார்ந்து அப்பம் சுட்டுத் தின்று, சீட்டாடுவார்கள். காற்று அடங்கினால் எஞ்சின் நல்லபிள்ளையாகக் கிளம்பிவிடும்.

இன்றும் காற்று. இன்றும் பிடிக்கவில்லை. நல்ல மெக்கானிக் என்று குன்வோர்தான் ரூனேயை எங்கிருந்தோ அழைத்து வந்திருந்தாள்.

"வித்துடலாம், குன்வோர்" என்றார் அவர். "வாங்குறவன் எஞ்சினையும் பார்த்துக்கட்டும்."

"விக்கிறதா? வீட்டுச் சமையலறையை மாத்தறதுக்குன்னு வச்சிருக்கிற பணம் இருக்கே! அதுல புது எஞ்சின் போடுவோம். அப்புறம் எந்தக் காத்து அடிச்சா என்ன? நேரா டென்மார்க்தான், கேப்டன்!"

"அந்தப் பணமா? கயிறு போட்டுக் கட்டினாத்தானே உன் அடுப்புக் கதவு மூடுது!"

"இன்னும் பத்து வருஷம் கட்டிக்கிறேன். நீ ஆரம்பி, ரூனே."

ரூனே பையிலிருந்து ரம்பத்தை எடுத்துச் சமையல் மேடையின் விளிம்பில் வைத்தான். "அறுத்துட்டா அறுத்ததுதான். அறுக்கட்டுமா?"

"அறு" என்றாள் குன்வோர்.

"நிறுத்து!"

சிக்வார்ட்டின் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. வாசலோரச் சுவரில் தொங்கிய பாத்திரம் துடைக்கும் துண்டை வெடுக்கென்று இழுத்தார். அதற்குப் பின்னால் ஒரு சிவப்புக் கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"எஞ்சினுக்கு ஒண்ணும் இல்ல. பழுதெல்லாம் எனக்குத்தான். இது எஞ்சினை அணைக்கிற கைப்பிடி. இழுத்து விட்டா டீசல் போகாது. காத்தடிக்கிற காலையில நீ எழுந்திருக்கிறதுக்கு முன்னாடியே இழுத்து விட்டுட்டு, மேல துண்டைப் போட்டுடுவேன். இவர் முதல்ல இதைத்தான் பார்ப்பார்னு நடுங்கிட்டிருந்தேன். இவர் என்னடான்னா நேரா ரம்பத்தை எடுக்கிறார்!"

குன்வோர் அந்தக் கைப்பிடியைப் பார்த்தாள்.

"எனக்குக் கடல்னா பயம், குன்வோர். நீ தீவுக்காரி. ஒரு கோழையைக் கட்டிக்கிட்டோமேன்னு நினைச்சுடுவியோன்னு வாயே திறக்கல. அந்த ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்குக் கொஞ்சம் தைரியம் வாங்கி எனக்குள்ள பொருத்த முடியுமான்னு இவரைக் கேளு."

அவள் எழுந்து வந்து கைப்பிடியை உள்ளே தள்ளினாள். சாவியைத் திருப்பினாள். எஞ்சின் ஒரே உறுமலில் பிடித்துக்கொண்டது. சிறிது நேரம் ஓடவிட்டு அணைத்தாள். பிறகு அதே துண்டால் அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டாள்.

"டென்மார்க்குக்குப் பெரிய கப்பல்ல போய்க்கலாம். காத்தில்லாத நாளாப் பார்த்து எதிர்த்தீவு வரைக்கும் கூட்டிட்டுப் போ. எனக்கு அது போதும். மத்த நாளெல்லாம் இங்கேயே உட்கார்ந்து அப்பம் சுடு. நாலு கோடையா அதுக்குத்தானே நான் இந்தப் படகுக்கே வர்றேன்!"

சிக்வார்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரூனேயின் பக்கம் திரும்பினார்.

"மன்னிச்சுக்க தம்பி. இந்தக் கிழவனோட கூத்துல உன் வேலையும் கெட்டுச்சு."

ரூனே ரம்பத்தைப் பைக்குள் போட்டுவிட்டுக் குன்வோரைப் பார்த்தான்.

"அப்ப நான் போய் மீன்கடையைத் திறக்கட்டுமாக்கா?"