மூணாவது கியரில் மாமனார்

"அவன்கிட்ட சொல்லு, வண்டி மூணாவது கியரை விட்டு நகரமாட்டேங்குதுன்னு."

பல் டாக்டர் இதைத் தன் மனைவியிடம்தான் சொன்னார். 'அவன்' ஆகிய மாப்பிள்ளை, கைக்கெட்டும் தூரத்தில், கார் கொட்டகைக் கதவில் சாய்ந்து நின்றிருந்தான்.

"மூணாவது கியரை விட்டு நகரமாட்டேங்குதாம், மாப்ளே," என்றாள் மாமியார், ஒரு எழுத்து பிசகாமல்.

"காதுல விழுந்துச்சு அத்தை. எப்போலேர்ந்துன்னு கேளுங்க."

"முந்தாநாள்லேர்ந்துன்னு சொல்லு. இந்தப் பழைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைத் தொட ஊர்ல வேற எவனும் இல்லைன்னும் சொல்லு. இருந்திருந்தா நீ போன் பண்ணினப்பவே தடுத்திருப்பேன்."

கியர்பாக்ஸ் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்ட ஒரே மகளோடு அவர் பேசி ஒரு வருஷம் ஆகப்போகிறது. "அப்பா வாயைத் திறந்து கூப்பிடாம அந்த வாசலை மிதிக்கமாட்டேன்," என்று மகளும் வீம்பு பிடித்தாள். ஊரார் வாயையெல்லாம் திறக்கவைத்தே பிழைக்கிறவருக்குத் தன் வாயைத் திறப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. இன்றைக்கும் போன் செய்தது மாமியார்தான். அதனால் மாப்பிள்ளை மட்டும் வந்திருந்தான்.

வண்டி பெரிய மனிதர்கள் ஓட்டும் ரகம். வயதிலும் பெரிய மனிதர்தான். தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான். முனகிக்கொண்டே கிளம்பியது; அப்புறம் ஏறவும் மாட்டேன், இறங்கவும் மாட்டேன் என்று ஒரே கியரில் அடம்பிடித்தது. கொட்டகைக்குத் திரும்பி, அளவுக் கம்பியை உருவி, கியர்பாக்ஸ் எண்ணெயை முகர்ந்து பார்த்தான்.

"மோந்து பார்த்தா என்ன தெரியுமாம்?" என்று மனைவியைக் கேட்டார் மாமனார்.

"வாய் நாத்தம் பார்க்கிற மாதிரிதான் அத்தை. உள்ள தீஞ்சிருந்தா வாடை காட்டிக் குடுத்துடும். இது சுத்தமா இருக்கு."

டாக்டர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். வண்டிக்கு அடியிலிருந்த பள்ளத்தில் மாப்பிள்ளை டார்ச்சோடு இறங்கியதும், அவரும் எட்டிப் பார்க்கக் குனிந்தார்.

"குனியாதீங்க! முந்தாநாள் யாருக்கோ கடவாய்ப்பல்லு பிடுங்கினதுல இவருக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு, மாப்ளே. இன்னும் நிமிர முடியல."

பள்ளத்தில் அலைந்துகொண்டிருந்த டார்ச் வெளிச்சம் ஓரிடத்தில் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, மூக்கில் கரியும் முகத்தில் கவலையுமாக மேலே ஏறி வந்தான்.

"பெரிய வேலை அத்தை. ஒரே நாள்ல ஆகாது. தினம் சாயங்காலம் வரணும். நான் கீழ இருக்கும்போது மேல உட்கார்ந்து கியர் போட ஆளும் வேணும். அதுவும் என் கத்தலுக்குப் பழகின ஆளா இருக்கணும்."

டாக்டர் சுவரைப் பார்த்தபடி சொன்னார். "வேலைன்னா யார் வேணா வரட்டும்னு சொல்லு. வர்றவங்களைச் சாப்பிட்டுட்டு வரவேணாம்னும் சொல்லு."

தெருமுனைக்கு வந்ததும் மாப்பிள்ளை மனைவிக்குப் போன் செய்தான்.

"கிளம்பி வா. சாப்பாடு உங்க வீட்லதான்."

"வண்டிக்கு என்ன?"

"கியர்பாக்ஸ்ல ஒண்ணுமே இல்ல. அதுக்குப் போற ஒயர் பிளக் கழண்டு தொங்குது. அது கழண்டா வண்டி பயந்துபோய் மூணுலயே நின்னுடும். தானா கழலுற பிளக் இல்ல அது. யாரோ கீழ இறங்கித் திருகி எடுத்திருக்காங்க."

"அம்மாவா? எங்களைச் சேர்த்துவைக்கப் போட்ட நாடகமா? அதெல்லாம் செல்லாது. அப்பா கூப்பிட்டாரா, அதைச் சொல்லு."

"கூப்பிட்டுட்டார்," என்றான், அந்தப் பிளக்குக்கு நேர் கீழே பள்ளத்தில் கிடந்த, பல் டாக்டர்கள் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டி வட்டக் கண்ணாடியைத் துடைத்துச் சட்டைப்பையில் பத்திரப்படுத்தியபடியே.