ஆறு மணிக்கு மேல்

கலியாணமாகி நாலாம் நாள்; புகுந்த வீட்டில் முதல் சமையல். மாலை ஏழு மணிக்கு ரொட்டி சுட அடுப்பு மூட்டினாள் சர்மிளா. மாமியார் பேச்சியம்மா பாய்ந்து வந்து செம்புத் தண்ணீரை அடுப்பில் கவிழ்த்தாள். முந்தானையால் புகையை வெளியே விரட்டினாள்.

“ஆறு மணிக்கு மேல அடுப்பு எரியக் கூடாது. பசிச்சா வாழப்பழத்தத் தின்னு.”

“பட்டினி போடவா அத்தை என்னக் கூட்டிட்டு வந்தீங்க? ஹட்டன்ல எங்க வீட்டுல எட்டு மணிக்குத்தான் சாப்பாடே!”

பேச்சியம்மா ஒரு வாழைப்பழத்தை எடுத்து நீட்டினாள். மாமியார் வடிகட்டிய கஞ்சம் என்று முடிவு கட்டினாள் சர்மிளா.

அப்போது பக்கத்துக் காம்பராவின் கதவு திறந்தது. கிளினிக்குக்குப் போயிருந்த சண்முகவடிவு அக்காவும் அவள் தம்பியும் வந்துவிட்டார்கள். தேயிலைத் தோட்டத்து லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா வீடுகள்; நடுச்சுவர்கள் கூரையைத் தொடாதவை. ஒரு காம்பராவில் தாளித்தால் பன்னிரண்டுக்கும் மணக்கும். பேச்சும் அப்படித்தான்.

“டாக்டரே அசந்துட்டாருக்கா! புத்துநோய் மருந்து ஒன் இதயத்தையும் தாக்கியிருக்கு, பொழுது சாஞ்சா எதுவும் சாப்பிடாதன்னு தொண்ணூத்தெட்டுல சொன்னாரு. இன்னிக்கு இதயம் நல்லாருக்குங்கிறாரு. ஒம்போது வருசம் எப்படிக்கா வாயக் கட்டுன?”

“அதுல என்னடா கஷ்டம்? இந்த லயத்துல எல்லாருமே வெள்ளனா சாப்பிட்டுருவாங்க. பொழுதுபட்டா ஒரு வாசனை வராது. நான் கொடுத்து வச்சவ!”

சர்மிளா மாமியாரைப் பார்த்தாள். பேச்சியம்மா உதட்டின் மேல் விரலை வைத்தாள்.

சர்மிளா வாசலுக்கு வந்து அண்ணாந்தாள். பன்னிரண்டு காம்பரா. ஒன்றின் மேலும் புகையில்லை.

உள்ளே திரும்பினாள்.

“நாளைக்கு எத்தன மணிக்கு அடுப்பு மூட்டணும் அத்தை?” என்றாள், சுவருக்கு அப்பால் கேட்காதபடி.