நூற்றெண்பது கிராம்

பித்தப்பையை எடுத்தபோது நாச்சிமுத்துவின் வயிற்றுக்குள் ஒரு துணியை விட்டுத் தைத்துவிட்டார்கள். மறுபடி அறுத்து அதை எடுத்தார்கள். ஊறிய துணி நூற்றெண்பது கிராம் என்று லேப் அறிக்கையில் இருந்தது. வலி மட்டும் போகவில்லை. அதன்பிறகு எடுத்த இரண்டு ஸ்கேனிலும் வயிற்றில் ஒன்றுமில்லை என்றார்கள். அவர் நம்பவில்லை.

உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் அவர்களுக்குத் தேங்காய்க் களம் இருந்தது. கொப்பரை மூட்டை நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசில் தினமும் காலையில் ஏறி நின்றார்.

"இன்னொரு துணி உள்ளயே கெடக்குது புள்ள. எடையில தெரிஞ்சுபோடும்."

"அப்படின்னா சாக்கு எடையக் கழிச்சுப்போட்டுச் சொல்லட்டுங்களா?" என்றாள் மனைவி சாமியாத்தாள்.

அன்று அவர் தராசைவிட்டு இறங்கி, கேட்டருகே நின்ற ஸ்கூட்டரை நோக்கி நடந்தார். மூன்று மாதத்தில் முதல்முறையாக நிமிர்ந்து நடந்தார்.

"புள்ள, வலியவே காணோம்!"

மூட்டையை இறக்கியதும் தராசு பூஜ்யத்துக்குத் திரும்புகிறதா என்று பார்ப்பது சாமியாத்தாளின் பழக்கம். இன்று திரும்பவில்லை. 0.180 கிலோ என்று காட்டியது. முந்தானையால் தட்டைத் துடைத்தாள். துணியில் எதுவும் ஒட்டவில்லை. எண்ணும் மாறவில்லை.

நாச்சிமுத்து ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"அங்கயே நின்னா எப்படி? வா, போலாம்."

எண் பூஜ்யமானது. சாமியாத்தாள் இன்னும் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. கேட்டருகே நாச்சிமுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார்.