கரிக்கு ஆறு மாதம்

தமயந்தி வீட்டுக் குழாயில் மாட்டியிருந்த வடிகட்டியில் பஞ்சும் கரியும் அடுத்தடுத்து இருந்தன. பஞ்சு மண்ணைப் பிடித்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத நஞ்சைக் கரி பிடித்துக்கொள்ளும்.

பஞ்சு மூன்று மாதத்தில் பழுப்பாகிவிடும். தமயந்தி உடனே புதிது வைப்பாள். ஐந்தாவதாக வந்த பஞ்சு கரியிடம் கேட்டது.

"அண்ணே, நீங்க வந்து எத்தனை மாசம்?"

"பன்னிரண்டு. என் ஆயுசு ஆறு."

"பின்னே ஏன் மாத்தலை?"

"நீ அழுக்கானா தெரியுது. நான் வந்த அன்னைக்கும் கறுப்பு, இன்னைக்கும் கறுப்பு."

"அப்போ அந்த நஞ்சு?"

"ஆறு மாசமா என்னால பிடிக்க முடியலை. அப்படியே போகுது."

"அதைத்தானே தமயந்தியோட பாப்பா குடிக்குது! பெரிய மனுஷன் மாதிரி கம்முனு இருக்கீங்களே!"

இத்தனை நாளில் ஒரு துளியைக்கூடக் கரி கறுக்க விட்டதில்லை. அது ஒன்றுதான் அதற்குப் பெருமை.

மறுநாள் காலையில் கரி தன் உடம்பை உதிர்த்தது. தமயந்தியின் இரண்டு வயது மகள் கையிலிருந்த டம்ளரில் கறுப்புத் துகள்கள் மிதந்தன. தமயந்தி டம்ளரைப் பிடுங்கிக் கொட்டினாள்.

"நேத்து வரைக்கும் கண்ணாடி மாதிரி இருந்த தண்ணி! இந்தச் சனியன் கெடுத்திருச்சே!"

கரியைக் கழற்றிக் குப்பையில் எறிந்துவிட்டு, புதுக் கரி வாங்கக் கடைக்குப் புறப்பட்டாள்.