மூன்றாவது மணிக்குப் பிறகு

"அப்பா, மாத்திரை எடுத்தியளா இல்லியா?"

சுயம்புராஜ் போட்ட சத்தத்தில் அடுத்த மேசையில் இருந்த ரெஜிஷா திரும்பிப் பார்த்தாள்.

"எடுத்தேன் மக்கா. அப்பமே எடுத்தாச்சு," என்றார் தாணுலிங்கம், போனின் அந்தப் பக்கத்தில்.

"பின்னே எதுக்குப் பெட்டி என்னைக் கூப்பிடுது?"

"அதை உண்டாக்கினது நீதானே! எங்கிட்ட கேட்டா?" சிரித்தார். "நீ சாப்பிட்டியா மக்கா?"

"வேலை கெடக்குப்பா. வைக்கேன்."

வைத்துவிட்டான்.

நாகர்கோவிலில் ஒரு சிறிய நிறுவனத்தில் சுயம்புராஜ் எலெக்ட்ரானிக்ஸ் என்ஜினீயர். புதுக் கருவிகளை உருவாக்குவது அவன் வேலை. இப்போது உருவாக்கியிருப்பது, தனியாக இருக்கும் முதியவர்களுக்கான மருந்துப் பெட்டி. சர்க்யூட் அவனுடையது. உள்ளே ஓடும் புரோகிராம் ரெஜிஷாவுடையது.

மாத்திரை வேளை வந்ததும் பெட்டி மணி அடிக்கும். மூடியைத் திறந்தால் நின்றுவிடும். திறக்காவிட்டால் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடிக்கும். மூன்றாவது மணிக்கும் திறக்காவிட்டால் பெட்டியே பிள்ளையைப் போனில் அழைத்துச் சொல்லிவிடும்.

சோதனைக்காகச் சில வீடுகளில் வைத்திருந்தார்கள். எங்கும் ஒரு புகாரும் இல்லை. அம்மா போன பிறகு திருவட்டாற்றில் தனியாக இருக்கும் அவன் அப்பா வீட்டுப் பெட்டி மட்டும் தினமும் காலையில் அழைத்துக்கொண்டிருந்தது.

"வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்காரங்க பெட்டியைப் பாக்க வாராங்க அண்ணே," என்றாள் ரெஜிஷா. "அவங்க முன்னால இப்படிச் சும்மா ஒரு கால் வந்தா, நாம இத்தனை மாசம் பட்ட பாடு அத்தனையும் போச்சு."

"உன் புரோகிராம்ல என்னமோ இருக்கு."

"எப்பமும் புரோகிராம் மேலேயே பழியைப் போடுங்க! உங்க மூடி சுவிட்சைப் பாருங்க முதல்ல." கொஞ்சம் தயங்கினாள். "இல்லேன்னா, அப்பா மாத்திரை எடுக்காமலே எடுத்தேன்னு சொல்லுதாரோ என்னமோ."

"பொய் சொல்லுத ஆளில்ல அவரு. பிரஷரும் சரியா இருக்குன்னு ஊர் நர்ஸ் பாத்துச் சொல்லியாச்சு. மாத்திரை உள்ளே போவுது. மூடி திறந்தது பெட்டிக்குத் தெரியல்ல. அவ்வளவுதான்."

சுவிட்சை மாற்றி ஒரு பெட்டியை அனுப்பினான். மறுநாளும் அழைப்பு வந்தது. மழைக்கு ஈரம் ஏறுகிறதோ என்று, போர்டின் மேல் வார்னிஷ் பூசி இன்னொன்றை அனுப்பினான். அதுவும் அழைத்தது.

எல்லாவற்றையும் அவன் பஸ் கண்டக்டரிடம்தான் கொடுத்தனுப்பினான்.

"பெட்டி பாவம், எத்தனை தடவை போய்ட்டு வரும்?" என்றாள் ரெஜிஷா. "ஒரு தடவை நீங்க போனா என்ன அண்ணே?"

மறுநாள் காலை அவனே பஸ் ஏறினான். அப்பாவிடம் சொல்லவில்லை. பழுதுக்கு ஒரு குணம் உண்டு. என்ஜினீயர் வருகிறார் என்று தெரிந்தால் ஒளிந்துகொள்ளும்.

வீட்டு முற்றத்தில் கால் வைத்தபோது உள்ளே முதல் மணி அடித்தது. சுயம்புராஜ் ஜன்னல் ஓரமாக நின்று பார்த்தான்.

தாணுலிங்கம் சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். பெட்டியை அவர் தொடவே இல்லை.

இரண்டாவது மணி அடித்தது. கண்ணாடி முன்னால் நின்று தலை சீவிக்கொண்டார்.

மூன்றாவது மணி. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார்.

சுயம்புராஜின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துக் காதில் வைத்தான். "தாணுலிங்கம் இன்னும் மாத்திரை எடுக்கவில்லை," என்றது ரெஜிஷா பதிவுசெய்து வைத்த குரல்.

வழக்கமாக அடுத்த நிமிடமே அப்பாவை அழைத்துக் கத்துவான். இன்று அப்படியே நின்றான்.

உள்ளே அப்பா காத்திருந்தார். போனைக் காதில் வைத்துப் பார்த்தார். சட்டை நுனியால் துடைத்துப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்ப் பெட்டியை விரலால் தட்டினார்.

"ஏலே, உனக்கு என்ன ஆச்சு? அவனைக் கூப்பிட்டியா இல்லியா?"

சுயம்புராஜ் போனில் அப்பாவின் எண்ணை அழுத்தினான்.

அந்த முகம் மலர்ந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தான்.

"மக்கா! நான் மாத்திரை எடுத்தாச்சு. அப்பமே..."

"தெரியும்ப்பா. நீங்க சாப்பிட்டியளா?"

தாணுலிங்கம் பெட்டியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"இல்ல மக்கா," என்றார் மெதுவாக. "இனிமேதான்."

"நானும் சாப்பிடல்ல. கதவைத் திறங்க."

இருவரும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ரெஜிஷா அழைத்தாள்.

"பழுது கெடச்சுதா அண்ணே?"

"கெடச்சுது."

"நான் சொன்னேன்லா, சுவிட்ச்னு!"

"சுவிட்ச் இல்ல. உன் புரோகிராமும் இல்ல. வெள்ளிக்கிழமை பெட்டியைத் தைரியமாக் காட்டலாம்."

"பின்னே பழுது எங்கதான் இருந்துது?"

சுயம்புராஜ் எதிரே பார்த்தான். அப்பா அவன் தட்டில் இன்னொரு இட்லியை வைத்துக்கொண்டிருந்தார்.

"கூப்பிடுத பக்கத்துல ஒண்ணுமில்ல ரெஜிஷா. போனை எடுக்குத என் பக்கத்துலதான்."